மெத்தை வீட்டு மணி

பண்ணையாரின் பேரன், தன் குடும்பப் பெருமையை எழுதப்போவதாகச் சொல்லி, பாதி இடிந்து நிற்கும் மூன்றடுக்கு மெத்தை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனான். உச்சி ஜன்னலருகே போனதும் கழனிச் சேற்று வாசனை ஏறி வந்தது. அந்த ஜன்னலில்தான் அவன் தாத்தா, வெற்றிலை மென்றுகொண்டு, வெண்கல மணியின் கயிற்றைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடவில் யார் இடுப்பு நிமிர்ந்தாலும் மணி கணீரென்று அடிக்கும். வரப்பில் அழும் என் தங்கைக்குப் பால் கொடுக்க நிமிர்கிற அம்மா, அந்தச் சத்தத்துக்கு மறுபடி சேற்றில் குனிந்துவிடுவாள். அதையும் எழுதச் சொன்னேன்.

“வீடே இடிஞ்சுபோச்சு, இன்னும் என்ன கோபம் பெரியவரே?” என்று சிரித்தான்.

“அது மழைல தானா இடிஞ்சிகீது நைனா. நாங்க இடிக்கலியே, அந்தக் கோவம்தான்.”