எட்டு மாதம் நான் ஊதிய விசில்

எழுபதுகளின் பிற்பகுதி. திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் இருந்தோம். என் மனைவியோடு பேசியதைவிட அவரோடு பேசியதுதான் அதிகம்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையில், தலை சுற்றினால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார். கிருத்திகை விரதத்தன்று அதுவும் கிடையாது. "முருகன் பாத்துக்குவாரு நைனா" என்பார். நானும் ஆங் என்று தலையாட்டுவேன்.

ஒரு கார்த்திகை மாதம், காலை டிரிப்பில், இடது கை மரத்துப்போகிறது என்று வண்டியை ஓரம் கட்டினார். ஒரு சோடா குடித்தார். அரை மணியில் சரியாகிவிட்டது. வாயு என்று நாங்களே முடிவு கட்டினோம். அதே வாரம், ஆர்.கே.பேட்டைக்குப் பிரியும் முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் போவணும்?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மொதலாளிகிட்ட சொல்லிடாத. வீட்லயும் சொல்லாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நிற்க ஒரு விசில், புறப்பட இரண்டு என்பது எல்லா பஸ்ஸிலும் உண்டு. எங்கள் வண்டிக்கு மட்டும், இடப்பக்கம் திரும்ப மூன்று, வலப்பக்கம் திரும்ப நான்கு. "கண்டக்டருக்கு இன்னாமோ ஆயிப்போச்சு, ஊதிகினே வர்றாரு" என்று தினமும் வருகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒருநாள் பேச்சு குழறியது. மறுநாள் பேச்சு தெளிந்தது, ஆனால் ஸ்டாப்பிங் பெயர்கள் போய்விட்டன. அப்புறம் கொஞ்ச நாள் அதே நிலையில் இருந்தார். தேறி வருகிறார் என்று ஒவ்வொரு முறையும் நம்பினேன். உண்மையில் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கித்தான் நின்றிருக்கிறார்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. அன்று பஸ்களைத் திருத்தணி ஊருக்குள் விடமாட்டார்கள். வெளியிலேயே ஒரு மைதானத்தில் திருப்பிவிடுவார்கள். வண்டியில் கால் வைக்க இடமில்லை. நான் பின்படியில் மாட்டிக்கொண்டேன். மைதானம் வந்ததும் மூன்று விசில் கொடுத்தேன். வண்டி திரும்பவில்லை. நிறுத்தச் சொல்லி ஊதினேன், நிற்கவில்லை. நேரே, காவடி எடுத்து வந்த கூட்டத்தை நோக்கிப் போனது. முன் சீட்டிலிருந்த ஒரு நெசவுக்கார அம்மாள்தான், "அய்யோ நிறுத்துயா, ஜனம் வருது!" என்று கத்தி அண்ணாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். கூட்டத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வண்டி நின்றது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜனத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினேன். கண்ணெதிரே மலையும் கோபுரமும் தெரிகின்றன. அவர் என்னைப் பார்த்து, "ஏம்பா, இது எந்த ஊரு?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவியும் வந்துவிட்டார். டாக்டர் சோதித்துவிட்டு, "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். "போன கார்த்திகையிலேர்ந்து" என்று நான்தான் சொன்னேன்.

"மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாய் ஒவ்வொண்ணா அடைச்சிகினு வந்திருக்கு. ஒவ்வொரு அடைப்புக்கும் கொஞ்சம் புத்தி மங்கும். நடுவுல நல்லா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா போனது பெரும்பாலும் திரும்பாது. கை மரத்த அன்னிக்கே வந்திருந்தா, மாத்திரைய தினமும் போட்டிருந்தா, இவ்வளவு தூரம் வராம தடுக்கப் பாத்திருக்கலாம்" என்றார். எட்டு மாதம் கூடவே இருந்து என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாவின் மனைவி என் பக்கம் திரும்பினார். "அப்போ உனுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமா? வீட்ல சொன்னது எதையும் காதுல வாங்காம, உம்முனு இருந்தாரு. வேற எவளையோ சேத்துகினாருன்னு தெனமும் சண்டை போட்டேனே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணா அதன் பிறகு சில வருடங்கள் இருந்தார். பார்க்கப் போனால் சிரிப்பார், ஆனால் நான் யார் என்று தெரியாது. இன்றைக்கும் யாராவது கை மரத்துப்போய் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால், அவர்களோடு சண்டை போட்டாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். அண்ணாவின் மனைவிக்கு அன்று சொல்ல முடியாத பதிலை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.