டைனமோ நின்றபோது

இன்று பட்டறையில் பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைத் திறந்ததும் எழுந்த கருகிய கிறீஸ் மணம், போர்க்காலத்தில் மல்லாவியில் அப்பாவின் கூட்டாளி தேவன் மாமா வைத்திருந்த சலூனுக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே மின்சாரமில்லை, கவிழ்த்துவைத்த சைக்கிளின் பெடலை அப்பா கையால் சுற்றச் சுற்றத்தான் டைனமோ ஓடி றேடியோ பேசும். ஒருநாள், அப்பா நம்பியிருந்த குத்துச்சண்டைச் சாம்பியன் விழுந்துவிட்டான் என்று வர்ணனையில் கேட்டதும் திகைத்துக் கையை விட்டார், றேடியோ அடங்கியது.

“எழும்பியிருப்பானடா!” என்றார் அப்பா.

“எழும்பேல்லை. நீ சுத்தியிருந்தாத் தெரிஞ்சிருக்கும், விசரா!” என்றார் மாமா.

இடம்பெயர்ந்த வழியெல்லாம், பதுங்குகுழிக்குள்ளும், அதே வாதம், ஷெல் விழுந்து மாமா சாகும்வரை. சலூன் இருந்த இடம் இப்போது பற்றைக்காடு.

கைபேசியில் தேடிப் பார்த்து, சாம்பியன் எழும்பவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அவன் சொன்னதுதான் சரி. இனி ஆரிட்டைப் போய் ஒத்துக்கொள்ளுறது?”