கையெழுத்துக் கோட்டில் வந்த தெலுங்கு

சாமி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் தறி நிற்குது என்று சொல்லி எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, நானே இன்னும் முழுதாக நம்பவில்லை, ஆனால் ஒன்பது பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம், ஆந்திர எல்லையில் எங்கள் ஊர். ஊர் அம்மனின் மர முகத்தை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது அது இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இனி உங்களைக் கேட்டுத்தான் எதுவும் செய்வோம் என்று கடிதம் போட்டு, சென்னையிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். திருத்தணியில் மலையடிவாரத்து மண்டபம், பகல் பதினொரு மணி, ஊர்க்காரர்கள் பத்துப் பேர்.

"மரத்தோட வயசு பாக்கணும், முகத்துல சின்னதா ஒரு ஓட்டை போடுவாங்க. உங்க சம்மதம் வேணும்," என்றார் அந்த அம்மா.

"திருப்பி எப்பங்க குடுப்பாங்க?" என்றார் பாவா, என் அக்கா வீட்டுக்காரர்.

"அதை அப்புறம் பேசலாம்."

மரம்தானே என்று ஊர்க் கமிட்டிச் செயலாளரான நான் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல, கை என்னுடையதுதான், ஆனால் அது பாட்டுக்குப் போனது, பயந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கோட்டின் மேல் தெலுங்கு எழுத்து. எனக்குத் தெலுங்கு பேச வரும், ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது, சத்தியம்.

ஆந்திராவில் படித்த பாவா எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், 'இண்டிகி'ன்னு எழுதிகீற? வூட்டுக்குன்னு அர்த்தம்."

"என்ன சார் விளையாட்டு?" என்று அந்த அம்மா வேறு தாளை நீட்டினார்.

நான் அதைத் திருப்பித் தள்ளினேன். "வேணாங்க. ஓட்டை போடக்கூடாது, துணி வச்சிகூட தொடைக்கக்கூடாது. எங்க அம்மன எப்ப அனுப்புறீங்கன்னு எழுதிகினு வாங்க, அப்ப கையெழுத்து போட்றோம்." மற்ற ஒன்பது பேரும் என்னோடு எழுந்தார்கள்.

ஓட்டை போடவில்லை. முகமும் வரவில்லை. மாதம் தவறாமல் கடிதம் போடுகிறோம், விடமாட்டோம்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் பாவா, மடித்து எடுத்து வந்த அந்த முதல் தாளை மறுபடி விரித்தார். "கடைசில இன்னொரு எழுத்து கீது பாரு, 'ரா'."

'ராவாலி' என்றால் வரணும். 'ரானு' என்றால் வரமாட்டேன். நான் பாதியில் கையை இழுத்துவிட்டேன்.