கேட்காமல் திறக்கும் யன்னல்

உப்புவெளியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை. உள்ளே இரண்டு சேர்ட், ஒரு சாரம், சவர்க்காரத் துண்டு. வேலையை விட்டு நடக்கும்போது என் சொத்து எப்போதும் இவ்வளவுதான். பஸ் ஓடவில்லை. காவலரணில் சிப்பாய்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். எங்கே போகிறாய்? சாம்பல்தீவுக்கு. எதற்கு? ஒரு செய்தி சொல்ல.

என்ன செய்தி என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் சரித்திரம் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கந்தளாயில் நெல் மூட்டை தூக்கினேன், துறைமுகத்தில் இறக்கினேன், பிறகு சும்மா அலைந்தேன். கடைசியாக நகரத்தில் ஓர் இன்டர்நெட் கடையில் ஒதுங்கினேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெனரேட்டர், ஒரு முதலாளி.

கடைக்கென்று ஒரு முதல் பக்கம் இருந்தது. முதலாளியின் மருமகன் கொழும்பிலிருந்து செய்து அனுப்பியது. மேலே கடையின் பெயர், போட்டோகொப்பி விளம்பரம். கீழே இணைப்புகள் — ஈமெயில், வானிலை, செய்தி. எதை அழுத்தினாலும் அது புது யன்னலில் திறக்கும். கடைப் பக்கம் அடியில் அப்படியே கிடக்கும்.

முதலாளிக்கு அதில் பெருமை. "ஆக்கள் எங்க போனாலும் எங்கட கடை பின்னுக்கு நிக்கவேணும்" என்பார்.

நின்றது. ஆட்கள்தான் திரும்பி வர வழி தெரியாமல் நின்றார்கள். இணைப்பு அதே யன்னலில் திறந்தால், பின்னே போகும் அம்புக்குறியை அழுத்தி வந்த வழியே திரும்பலாம். புது யன்னலில் அந்த அம்புக்குறி வேலை செய்யாது. அழுத்துவார்கள், அழுத்துவார்கள்... பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். "தம்பி, இது செத்துப்போச்சு."

இதை மாற்றச் சொல்லுங்கோ அண்ணை என்று முதலாளியிடம் பலமுறை சொன்னேன். உம்மட வேலையைப் பாரும் என்றார். பார்த்தேன்.

எங்கள் நகரத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்கள் முதலில் பழகியது திறப்பதற்கு அல்ல — மூடுவதற்கு. வாசலில் இராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் போதும், கை தானாக மேல் மூலைக்குப் போகும். அங்கே ஒரு பெருக்கல் குறி. மகளின் கல்யாணப் படமா? மூடு. கட்டாரிலிருந்து மச்சான் போட்ட கடிதமா? மூடு. குற்றம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற இடமா இது? திரை துப்புரவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தவராசா அண்ணையும் அப்படித்தான் பழகியிருந்தார். சாம்பல்தீவில் கரையில் நின்று கயிறு இழுக்கும் கரைவலைக்காரர். மறுநாள் வள்ளம் வலையைக் கொண்டுபோய் வளைக்கலாமா என்று பார்க்க, வானத்திலிருந்து எடுத்த மேகப் படம் அவருக்கு வேண்டும். அதற்காகவே சைக்கிளில் வருவார். வேறு எதையும் திறந்ததில்லை. திறக்கத் தெரியாது.

அன்று அவருக்கு முன்னால் அதே கம்ப்யூட்டரில் வேறொருவர் இருந்தார். யார் என்று இங்கேயும் எழுதமாட்டேன். அவர் செய்தி இணைப்பை அழுத்தினார் — எல்லோரும் ஒளித்து வாசிக்கிற, ஆனால் கேட்டால் ஒருவரும் வாசிக்காத அந்தச் செய்தித் தளம். புது யன்னலில் திறந்தது. வாசித்தார். திரும்பிப் போக அம்புக்குறியை அழுத்தினார், அசையவில்லை. திரையின் அடியில் கடையின் பெயர் தெரிந்தது, அதை அழுத்தினார். கடைப் பக்கம் முன்னால் வந்து நின்றது. செய்தி அதற்குப் பின்னால் போய் ஒளிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழும்பிப் போனார்.

தவராசா அண்ணை வந்து இருந்தார். மேகத்தை அழுத்தினார். அதுவும் புது யன்னலில் வந்தது.

அப்போதுதான் சோதனைக்கு வந்தார்கள்.

அவர் மேகத்தை மூடினார். கடைப் பக்கம் வந்தது. அதையும் மூடினார். அதற்கும் கீழே இருந்தது வெளியே வந்தது — சவப்பெட்டி, இயக்கத்தின் கொடி, சீருடை. பெரிய படம். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றிருந்தார்.

"ஏன் அவசரமா மூடுறது?"

நான் குறுக்கே போனேன். அது அவர் திறந்ததில்லை, முன்னால் இருந்த ஆள் திறந்தது, அடியில் கிடந்திருக்கிறது என்று தமிழிலும் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். அந்த ஆள் யார் என்று கேட்டார்கள். எத்தனையோ பேர் வருகினம், தெரியாது என்றேன். அப்படியானால் இது தன்பாட்டில் வந்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். முதலாளியைப் பார்த்தார்கள்.

முதலாளி சொன்னார்: "அவர்தான் அதில இருந்தவர்."

பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள கேவலம்.

தவராசா அண்ணையை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, சைக்கிளை உள்ளே எடுத்து வையும் என்று மட்டும் சொன்னார். இதை எழுதும்வரை சைக்கிள் கடைக்குள்தான் நிற்கிறது.

அவர்களுடைய ஜீப் போனபிறகு முதலாளியிடம் கேட்டேன், இனியாவது அந்தப் பக்கத்தை மாற்றுவீர்களா என்று. மருமகனிடம் சொல்லவேணும், அவனுக்கு நேரமில்லை, அதோடு ஆட்கள் கடைப் பக்கத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்றார். நான் என் பையை எடுத்தேன்.

புது யன்னல் வசதிதானே, இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாமே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். வாசியுங்கள். வேண்டுமானவர் ரைட் கிளிக் செய்து தானே திறந்துகொள்ளலாம். வேண்டாதவருக்கு ஏன் திறக்கிறீர்கள்? கொழும்பில் இருந்து பக்கம் செய்கிறவருக்கு ஒரு யன்னல் கூடினால் என்ன? அவர் தோளுக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள்?

சாம்பல்தீவில் லீலா அக்கா என்னைக் கண்டதும் இரும் என்றார். தவராசா அண்ணையின் மனைவி. முழுவதையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். யன்னல்களை ஒவ்வொன்றாக, எதற்கு மேல் எது என்று திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அப்ப, அந்த மனுசன் ஒண்டையும் மூடாம இருந்திருந்தா?"

"மேகம்தான் இருந்திருக்கும் அக்கா."

அக்கா சமையலறைக் கதவைப் பார்த்தார். "அந்தாளுக்கு எல்லாத்தையும் மூடித்தான் பழக்கம். விடிய வலைக்குப் போகேக்கையும் குசினிக் கதவை இழுத்து மூடிப்போட்டுத்தான் போகும். நாய் வந்திடுமாம்."

இருட்டுவதற்குள் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, விடிய யார் வருகிறார் என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். கரைவலையில் ஒருவருடைய இடம் காலியானால் அது இன்னொருவருக்குப் போய்விடும். வீட்டு ஆள் யாராவது வந்து கயிறு பிடித்தால்தான் இடமும் மீன் பங்கும் வீட்டுக்கே நிற்கும். லீலா அக்காவுக்கு இரண்டும் சின்னப் பெண்பிள்ளைகள்.

நான் நிற்கிறேன் என்றேன். வலை இழுத்திருக்கிறீரோ என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன். கை கிழியும் என்றார். கிழியட்டும் என்றேன்.

விடிய, கரையில் சம்மாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் தவராசாவுக்கு ஆர்?"

அவருக்கு மேகப் படம் காட்டுகிறவன் என்றா சொல்வது?

தம்பி என்றேன். கயிற்றைத் தந்தார்.