அல்லேலூயா சத்தத்தில் விழுந்தவன்

கர்த்தருடைய பிள்ளைகளே, உங்களில் பலருக்கு என்னை விழுந்த ஆளாகத்தான் தெரியும். புக்கிட் பெலிம்பிங் தேவராஜ். அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த சமயம். ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் முழங்க, பாஸ்டர் மைக்கில் "அல்லேலூயா!" என்றார். சபை முழுவதும் திருப்பிச் சொன்னது. என் காலடியில் தரை சரிந்தது. விழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் சந்தோஷ முகங்கள்.

"பரிசுத்த ஆவியோட அபிஷேகம் எறங்கிருச்சி, பிரதர்!"

"இல்ல பாஸ்டர், தல சுத்துது" என்றேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் என்னை முன்வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அங்கேயும் விழுந்தேன். சாட்சி சொல்லக்கூட மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்னத்தைச் சொல்வது? இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தேன். வியாதி என்றால் விசுவாசம் இல்லாதவன். அபிஷேகம் என்றால் பொய்யன்.

அப்புறம் லோரி ஹார்னுக்கே தலை சுற்றியது. ஆலை சங்கு ஊதினால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதலாளி நல்ல மனிதர்தான். "ஒங்க உசுரும் முக்கியம், ரோட்டுல போறவன் உசுரும் முக்கியம் லா" என்று சொல்லி சாவியை வாங்கிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் கண்ணைத் திருப்பினால், கண் உருளும் சத்தமே எனக்குக் கேட்டது. என் காலடி என் மண்டைக்குள் இடித்தது. இதை யாரிடம் சொல்வது? பேய் என்பார்கள், இல்லாவிட்டால் பைத்தியம் என்பார்கள். பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே போனால் ஊர்ச் சத்தம், உள்ளே இருந்தால் என் சத்தம். எங்கே ஓடுவேன்? நான் சபைக்கு வரவில்லை என்று சபை வீட்டுக்கே வந்து டம்பரின் தட்டியது. அன்றைக்கும் விழுந்தேன். ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று அழுதேன்.

என் மனைவி எஸ்தர்தான் விடவில்லை. கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே காதையும் உடம்பின் சமநிலையையும் ஆராய்ச்சி செய்யும் ஒரு மலாய் டாக்டரம்மா. கண் சத்தத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்காதை மூடியிருக்கும் எலும்பில் பொத்தல் இருக்கலாம், அது இருந்தால் சத்தமே ஆளைத் தள்ளும் என்றார். ஸ்கேன் மட்டும் போதாது, ஒரு மெசினில் சோதித்து உறுதி செய்தால்தான் ஆப்பரேஷன். ஆனால் அந்த மெசின் ஆராய்ச்சி மானியத்தில் ஓடுவது. மானியம் முடிந்துவிட்டது. புதிதாகக் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. மெசினுக்கு மேல் துணி போர்த்தியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "தோலோங் டோவா, அங்கிள்." எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்கிறார்!

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் காதில் பஞ்சோடு என்னையும் இழுத்துக்கொண்டு போன எஸ்தர், அங்கே எழுந்து நின்றாள். "ஆராய்ச்சிக்குப் பணம் வரணும்னு ஜெபிங்க."

பாஸ்டர் விழித்தார். "ஆராய்ச்சிக்கா, சிஸ்டர்?"

"பணம் இல்லாட்டி மெசின் ஓடாது, பாஸ்டர். மெசின் ஓடாட்டி இவரு அந்த ரூம்பவிட்டு வரமாட்டாரு. இன்னொண்ணு. மைக்கு வேணாம். சத்தமில்லாம ஜெபிங்க."

மைக்கை அணைத்தார்கள். என் தலையில் கை வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் ஜெபித்தார்கள். பார்த்தும் இராத டாக்டர்களுக்காக, பெயர் தெரியாத அதிகாரிகளின் மனதுக்காக. நான் விழவில்லை. பாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "பிரதர், நீங்க அப்பவே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி விடுதலை அன்றைக்கே கிடைத்தது.

மீதிக்குக் காத்திருந்தோம். வாராவாரம் அதே ஜெபம், அதே மெல்லிய குரல். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்பிக்கை அற்றுப் போயிருந்தது. தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மானியம் கிடைத்துவிட்டது, மெசின் ஓடும் முதல் நாளே வாருங்கள் என்றார்கள். எஸ்தர் போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே முழங்காலில் விழுந்தாள்.

பொத்தல் இருந்தது. அடைத்தார்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு குழந்தை மாதிரி சுவரைப் பிடித்து நடந்தேன். அந்தக் காது இப்போது கொஞ்சம் மந்தம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் என் கண் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. டாக்டரம்மா சம்மதித்த பிறகு முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரியமானவர்களே, வியாதிக்காரனுக்காக ஜெபிக்கிறோம். அந்த வியாதியைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களுக்காகவும், அவர்கள் கைக்குப் பணம் வரவும் ஜெபியுங்கள். இன்னும் யாரோ ஒருவர் எங்கேயோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார். நம் ஆண்டவருக்கு மைக் தேவையில்லை, நம்பிக் கேளுங்கள்.

போன ஞாயிறு சபைக்கு வந்தேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி என்னைக் கண்டதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "அடிப்பா" என்றேன். அடித்தான். பாஸ்டர் தயங்கித் தயங்கி "அல்லேலூயா" என்றார். சபை வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். அதனால் நானே மைக்கை வாங்கிக் கத்தினேன்.

நின்றுகொண்டிருந்தேன்.