காளை நாடாவில் அளந்த ஆள்

அன்று மாட்டுப்பண்ணைத் தீவனக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்.

ஸ்டோர் கிளார்க். பத்தாவது பாஸ். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தான் என்று மஸ்டரில் எழுதுகிறவர்.

பால் வண்டி டிரைவர். திருநெல்வேலிக்காரர். எங்கள் மலை ஊரான மாட்டுப்பட்டியிலிருந்து வண்டி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

காளைகளுக்கு அளவு எடுக்கிறவர். கழுத்தில் எப்போதும் நாடா தொங்கும்.

என் மச்சான். என் வீட்டுக்காரியின் அண்ணன். காளை பிடிக்கிற வேலை. தற்காலிகம்.

நான். எனக்கும் காளை பிடிக்கிற வேலைதான். நிரந்தரம்.

பிறகு, கட்டுத்தறியில் கட்டிய ஒரு காளை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம். விட்டு விட்டு மழை. காளைகளை வெளியே விடவில்லை. வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பேச்சுதான்.

கிளார்க் கையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை இருந்தது. மெட்ராசிலிருந்து ஒரு வாரம் பிந்தி வரும். அந்த வருடங்களில் எந்தப் பேப்பரை எடுத்தாலும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை. எங்கள் மலையில் குத்துச்சண்டைக் கையுறையைத் தொட்டுப் பார்த்தவன்கூடக் கிடையாது. ஆனால் டீக்கடையில் அதே பேச்சு, பஸ்ஸில் அதே பேச்சு. அந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவனா, இந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவனா. எனக்குக் கேட்டுக் கேட்டுக் குமட்டிவிட்டது.

டிரைவர் பழைய கட்சி. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து லாரிகளைக் கழுவியவர். அவர்கள் சொன்ன கதையெல்லாம் மனசில் இருந்தது.

"அவன் வாயத் தொறக்க மாட்டாம்வே. நின்ன எடத்துல நிப்பான். ஒரு குத்து. அம்புட்டுதான். இப்ப உள்ளவன் சண்டையா போடுதான், கரகம்லா ஆடுதான்."

"ஆடுறதுதான் திறமை," என்றார் கிளார்க். "உங்க ஆளு குத்துற எடத்துல இவன் இருக்கவே மாட்டான். வெறும் காத்துதான் இருக்கும்."

"அந்தக் காத்தே இவனத் தள்ளிரும்."

"உசரத்தப் பாருங்க அண்ணாச்சி. எடையப் பாருங்க. எல்லாம் போட்டிருக்கான்."

பத்திரிகையில் இரண்டு படம். ஒன்று பழைய சாம்பியன், ஒன்று புதியவன். நடுவில் கட்டம் கட்டி அளவுகள். கிளார்க் வாசித்தார். உயரம், எடை, கழுத்து, மார்பு, புஜம், முஷ்டி.

அளவுக்காரர் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து வந்தார்.

"கழுத்துமா அளந்திருக்கான்? இன்னொரு தடவ படிங்க."

காளைப் பதிவேட்டில் அவர் எழுதுவதும் கிட்டத்தட்ட இதுதான். மனுசனுக்கும் இப்படி ஒரு பதிவேடு உண்டு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பப் பேச்சே வேண்டாம். மார்பு எவனுக்குக் கூட?"

"புதுசுக்கு."

"அப்ப அவந்தான். அப்பன் எடை போட்டிருக்கானா?"

"அது எதுக்கு?"

"வித்து தெரிய வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

டிரைவருக்குத் தோற்க மனசில்லை. மச்சானைக் கையால் காட்டினார். "இவரு பட்டாளத்துல குத்துச்சண்ட போட்டவருதான? பழைய ஆளுதான? இவர அளந்து பாரும்வே. சும்மா தாளப் பாத்துப் பேசப்பிடாது."

மச்சான் போட்டது உண்மை. ஹெவிவெயிட்டுக்கு ஆள் போதவில்லை என்று எடை குறைந்த இவரை ஏற்றிவிட்டார்களாம். எதிராளி இவரைவிட இரண்டு மூட்டை கூட இருப்பான் என்பார். மூன்று தடவை ஏறினார். ஒரு அலுமினியத் தூக்கு பரிசு கொடுத்தார்கள். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு இடது கண் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டது. ஒரு நாள் சுத்தமாக அணைந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. நல்ல கண் மாதிரியே இருக்கும்.

பண்ணையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். காளை பிடிக்கப் போகும்போது நான் அவருக்கு இடது பக்கம் நடப்பேன். அந்த மாதம் முடிந்தால் அவரும் நிரந்தரம். நிரந்தரமானால் பண்ணையின் வரிசைக் குடியிருப்பில், லயனில், தனி வீடு. அதுவரை அவரும் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் ஒற்றை அறையில்தான். கண் விஷயம் வெளியே வந்தால் வேலை இல்லை.

"சட்டையக் கழத்துங்க," என்றார் அளவுக்காரர்.

மச்சான் என்னைப் பார்த்தார்.

"கழத்துப்பா," என்றார் கிளார்க். "மஸ்டர் எழுதுறவன் சொன்னாக் கேக்கணும்." அதற்கும் ஒரு சிரிப்பு.

கழற்றினார். நல்ல குளிர். நாடாவில் சாணியும் மூத்திரமும் காய்ந்த வாடை. அதை நெஞ்சைச் சுற்றிப் போட்டு, காளைக்குப் பிடிக்கிற மாதிரி முழங்காலை விலாவில் முட்டுக் கொடுத்து இழுத்தார் அளவுக்காரர். மச்சான் கொஞ்சம் நகர்ந்ததும் முதுகில் தட்டி, "ஹோ, ஹோ, நில்லு," என்றார். பழக்கம்.

நாடாவின் மறுபக்கம் மாட்டு எடை இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தார்.

"கன்னுக்குட்டிதான் வருது!"

டிரைவர் பல்லைக் காட்டச் சொன்னார். மச்சான் காட்டினார். நான் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசை போட்டுக்கொண்டிருந்தது.

"சரி, பழைய ஆளு மாதிரி நில்லுங்க," என்றார் கிளார்க். "நான் புது ஆளு."

மச்சான் இரண்டு கையையும் மடக்கி நின்றார். எத்தனை வருடமானாலும் உடம்புக்கு மறக்கவில்லை. நன்றாகத்தான் நின்றார். கிளார்க் ஈரத் தரையில் செருப்போடு குதித்துக் குதித்துச் சுற்றினார். நான் மச்சானுக்கு இடது பக்கம் போய் நின்றேன்.

"ரெஃபரி வேண்டாம், தள்ளு," என்று கிளார்க் என்னைத் தள்ளிவிட்டார். அந்தப் பக்கமிருந்தே எட்டிக் கன்னத்தில் ஒன்று வைத்தார். மச்சானுக்கு இமை அசையவில்லை.

"பாத்தீரா!" என்று குதித்தார் டிரைவர். "கண்ணச் சிமிட்டினானா பாத்தீராவே! இதாம்வே பழைய சரக்கு. உம்ம ஆளுன்னா இந்நேரம் ஓடிருப்பான்."

கிளார்க்குக்கு ரோஷம். இன்னொன்று வைத்தார். பலமாக. அதே பக்கம். இமை அசையவில்லை. டிரைவர் கை தட்டினார். மூன்றாவதில் உதடு கிழிந்தது.

"இருங்க," என்றார் அளவுக்காரர்.

கன்றுக்குப் பார்வை பார்க்கிற மாதிரி, நாடாவின் நுனியை இடது கண்ணுக்கு நேரே சுண்டினார். ஒன்றும் இல்லை. வலது கண்ணுக்குச் சுண்டினார். மூடிக்கொண்டது.

"இந்தக் கண்ணு செத்துல்ல கெடக்கு."

டிரைவர் தட்டின கையை இறக்கினார்.

"அப்ப அது தைரியம் இல்லையா?"

ஏமாந்த குரலில் சொன்னார். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. நினைத்தால் காறித் துப்பத் தோன்றும்.

அளவுக்காரர் நேராகப் பண்ணைப் பொறுப்பில் இருந்த மாட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னார். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் தெரியாதவன் காளை பிடிக்கக் கூடாது. குத்தினால் ஆள் மிஞ்ச மாட்டான். அது எனக்கும் தெரிந்ததுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் பேப்பர்ல எல்லா அளவும் போட்டிருந்தான்ல மாப்ளே?"

"ஆமா மச்சான்."

"வாங்குன அடியப் போட்டிருந்தானா?"

"இல்ல."

"அப்பறம் என்னத்த அளந்தான்."



மறுநாள் காலையில் மாட்டு டாக்டர் வந்தார். மலையாளத்துக்காரர். மோசமான ஆள் இல்லை. நான் காளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரும்பு வாளி கையில். மச்சானைக் கொட்டகை வாசலில், வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். கிளார்க்கும் டிரைவரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். முந்தின நாள் அடித்த கை கிளார்க்கின் கால்சட்டைப் பையில் இருந்தது.

டாக்டர் தன் உள்ளங்கையால் மச்சானின் வலது கண்ணைப் பொத்தினார். மற்றக் கையைத் தூக்கி விரல் காட்டி, எத்தனை என்று கேட்டார்.

"எத்ர விரல்?"

மச்சான் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டாக்டருக்குப் பக்கவாட்டில் நின்றேன். விரல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாளியை ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று தட்டியிருக்கலாம். மச்சானுக்குப் புரிந்திருக்கும். நிமிர்ந்தேன். கிளார்க் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரும் அவர் மஸ்டரில்தான் இருந்தது.

தட்டவில்லை.

"பறயூ. எத்ர?"

"நாலு சாரே," என்றார் மச்சான்.

டாக்டர் கையை இறக்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அந்த வாரமே மச்சான் குடும்பத்தோடு பஸ் ஏறிக் கம்பம் ஊர்ப் பக்கம் மலையிறங்கிப் போனார். வழியனுப்பப் போன என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டோருக்கு அடுத்த பத்திரிகை வந்தது, பேச்சும் தொடர்ந்தது. பழையவனா, புதியவனா. அவர்களைப் பார்த்தாலும் குமட்டும். என் கையில் வாளியைப் பார்த்தாலும் குமட்டும்.

டாக்டர் காட்டிய விரல் இரண்டு.