வரப்பில் நின்று எழுதிய தாள்

படாளத்துச் சாராள் கடைசியாகச் சேற்றில் கால் வைத்து இருபது வருடமாகியிருந்தது. அம்மா ஊரான் வயலில் நாற்று நட்டு அவளைப் படிக்கவைத்தாள். அந்தப் படிப்புதான் இரண்டாயிரத்தேழில் செங்கல்பட்டில் ஒரு கணக்கெடுப்பு வேலையை வாங்கிக் கொடுத்தது.

சிக்குன்குனியா காய்ச்சல் போயும் மூட்டுவலி போகாதவர்களை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். கேட்க வேண்டியது இரண்டே விஷயம். வேலைக்குப் போகிறார்களா? வலி குறைகிறதா, இல்லையா? பதிலைப் பொறுத்துத் தாள்கள் நான்கு கட்டாகப் பிரியும். வேலைக்கும் போகாமல் வலியும் குறையாதவர்களின் கட்டிலிருந்துதான் பெரிய டாக்டர்களின் முகாமுக்கு ஆள் கூப்பிடுவார்கள்.

பட்டியலில் இருந்த செங்கம்மாளின் வீடு இரண்டாம் தடவை போனபோது பூட்டியிருந்தது. நடவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். சாராள் வயலுக்கே போனாள். காலில் புதுச் செருப்பு. வரப்பில், நடவுக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"யக்கா, வலி எப்டி கீது?"

செங்கம்மாள் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள். "பரவால்லம்மா. கொறஞ்சிகினுதான் கீது."

வேலைக்குப் போகிறார், வலி குறைகிறது. சாராள் எழுதிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

முகாம் முடிந்த பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் செங்கம்மாளைப் பார்த்தாள். பஸ் கம்பியைப் பிடிக்க விரல் மடங்காததால், இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். சாராளும் பின்னாலேயே ஏறினாள்.

"அன்னிக்கி நட்டுகினு இருந்தியே யக்கா!"

"எங்க நட்டேன்? நடுவுல நின்னேன். என் வரிசையையும் இவளுங்கதான் நட்டாளுங்க" என்றாள் செங்கம்மாள். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அடுத்த தபா கூப்புடுவானா?"

இது சாராளுக்குத் தெரியாத விஷயமா என்ன? அம்மாவுக்குக் கால் வீங்கிய வருடம் நடவுக்காரிகள் அவளை நடுவில் நிறுத்தி இப்படித்தான் காப்பாற்றினார்கள். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள், செருப்பு நனைந்துவிடும் என்று வரப்பிலேயே நின்றுவிட்டாள். தன்னை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

கணக்கெடுப்பை நடத்தும் டாக்டர் ராகவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான்.

"ஒரு தாள்தானேம்மா, முடிவு ஒண்ணும் மாறாது" என்றார்.

"ஒண்ணு இல்ல சார். வரப்புலேர்ந்து நான் எழுதுனது பதினொண்ணு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "திரும்பப் போய்க் கேளுங்க. அடுத்த முகாம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

மார்கழியில் நவரைப் பட்டத்து நடவு தொடங்கியது. சாராள் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினாள். மேஸ்திரி ஒருமாதிரிப் பார்த்தான். வரிசையின் நடுவே, கையில் ஒரு பிடி நாற்றைப் பேருக்கு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள் செங்கம்மாள். சாராளும் அவளருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப சொல்லு யக்கா. வலி எப்டி கீது?"

"உசுரு போவுது" என்றாள் செங்கம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமலே. "அன்னிக்கே இப்டி எறங்கி வந்து கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

 சாராள் செங்கம்மாளின் கையிலிருந்த நாற்றை வாங்கி, அவளுடைய வரிசையை நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.